தாய்வழி நோயெதிர்ப்பு (பறவைகள்)

பறவைகளில் தாய்வழி நோயெதிர்ப்பு என்பது தாய்ப்பறவையின் உடலில் உருவான பிறபொருளெதிரிகள் முட்டையின் வழியாகக் குஞ்சுகளை அடைந்து, அவற்றை முதல் சில வாரங்கள் நோய்களிலிருந்து காப்பதாகும். பாலூட்டிகளில் இப்பணியை நஞ்சுக்கொடியும் சீம்பாலும் செய்கின்றன. தாய் எதிர்கொண்ட நோய்களுக்கு, அல்லது தடுப்பூசி பெற்ற நோய்களுக்கு மட்டுமே இப்பாதுகாப்பு கிடைக்கும்.

கடத்தப்படும் முறை

கோழியின் குருதியிலுள்ள முதன்மையான பிறபொருளெதிரி ஐஜிஒய் ஆகும். சூலகத்தில் மஞ்சட்கரு வளரும்போது இது அதனுள் சேர்கிறது. ஐஜிஏ, ஐஜிஎம் ஆகியவை முட்டைக்குழாயில் வெண்கருவுடன் சேர்கின்றன. 21 நாள் அடைகாப்பின் இறுதி நாட்களில் ஐஜிஒய் பெருமளவில் குஞ்சின் குருதியை அடைகிறது. பொரிக்கும் முன் எஞ்சிய மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றினுள் செல்வதால், பொரித்த பின்னும் சில நாட்கள் இது தொடர்கிறது.

வரலாறு

1893 இல் செருமானிய மருத்துவர் பெலிக்ஸ் கிளெம்பெரர், ஏற்புவலி நச்சுக்கு எதிர்ப்பு பெற்ற கோழிகளின் மஞ்சட்கருவில் அந்த எதிர்ப்புத்திறன் இருப்பதைக் காட்டினார்.

வெள்ளைக்கழிச்சலும் தடுப்பூசியும்

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்திலுள்ள கீரனூர் போன்ற ஊர்களில் புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழிகளுக்குப் பெரும் அச்சுறுத்தலாக இருப்பது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசியே வழி. இராணிப்பேட்டையில் 1932 இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தடுப்பூசியைத் தயாரிக்கிறது.

தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரியின் அளவு குஞ்சின் உடலில் ஏறத்தாழ 4 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அது மிகுந்திருக்கையில் தடுப்பூசி இட்டால் தடுப்பூசியிலுள்ள நுண்ணுயிரை அதுவே முறித்துவிடும். காலந்தாழ்த்தினால் குஞ்சு காப்பின்றி நிற்கும். ஆகவே முதல் வாரத்தில், குருதியிலுள்ள பிறபொருளெதிரியின் தடை குறைவாக உள்ள கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து இடப்படுகிறது. சில வாரங்களுக்குப் பின் மீண்டும் தடுப்பு மருந்து கொடுத்து, 8 வார வயதில் இறக்கையின் கீழ் ஊசி போடுவர்.

தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதங்களில் நடத்தப்படும் இருவாரத் தடுப்பூசி முகாம்களில் ஊசி பெறும் பெட்டைக்கோழிகள், பின்னர் இடும் முட்டைகள் வழியே தம் குஞ்சுகளுக்கும் அப்பாதுகாப்பை அளிக்கின்றன. தடுப்பூசி பெறாத, நோயையும் எதிர்கொள்ளாத கோழியின் முட்டையை அடைவைத்தால், பொரியும் குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே இக்காப்பு இராது.

இவற்றையும் பார்க்க
பிறபொருளெதிரி
சீம்பால்
இராணிக்கெட் நோய்