முதல்ல கதவை அளக்கணும்

ஊர்ல எங்க வீட்டு போர்ட்டிகோவுல ஒரு பிரீமியர் பத்மினி நிக்குது. அப்பாவோட வண்டி. ஓடி ரொம்ப நாளாச்சு. அதை நானே பிரிச்சு, நானே கோர்த்து, ஓட வைக்கணும்னு எனக்கு ஒரு கிறுக்கு. மெக்கானிக்கல் படிச்சுட்டு கோட் அடிக்க வந்த கூட்டத்துல நானும் ஒருத்தன், அந்தக் குற்ற உணர்ச்சியா கூட இருக்கலாம் :-)

எங்க ஆளுங்க வழக்கப்படி முதல்ல ஒரு எக்செல் ஷீட் போட்டேன். கொல்லைப்புறத்துல 12 அடிக்கு 20 அடி ஷெட். ஒரு ஓரமா வேலை மேஜை, அதுல வைஸ். ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, சின்ன கம்ப்ரசர், இஞ்சினைத் தூக்க செயின் பிளாக், டியூப்லைட் எத்தனை, பிளக் பாயிண்ட் எங்கெங்கே என்று மொத்தம் நாப்பத்தேழு வரி. பெருமையா அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் படிச்சார்.

"எல்லாம் சரி. வண்டி கொல்லைக்கு எப்படிடா போகும்?"

பத்மினியோட அகலம் 1460 மில்லிமீட்டர், அதாவது நாலு அடி ஒன்பதரை அங்குலம். எங்க வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து அஞ்சு அடி. பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம் மிச்சம், அதுவும் வழியில தண்ணிக் குழாய் இல்லைன்னு வச்சுக்கிட்டா. குழாய் இருக்கு.

வெட்கமாத்தான் இருந்தது. அப்புறம் ஒரு ஆறுதல் வந்தது. இதே தப்பைப் பண்ணினவர் ஒருத்தர் இருக்கார், பேரு ஹென்றி ஃபோர்டு. ஃபோர்டு கதையில அந்தச் சுவர் இடிச்ச காட்சி எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ன ஆளுங்களைப் பத்தி.

1891-ல ஃபோர்டு கிராமத்தை விட்டு டெட்ராய்ட் நகரத்துக்கு வந்து, எடிசன் மின்சாரக் கம்பெனியில இஞ்சினியரா சேர்ந்தார். 1893-ல தலைமை இஞ்சினியர். ராத்திரி பகல்னு எந்நேரமும் கூப்பிடுவாங்க. நம்ம ஆன்-கால் சப்போர்ட் மாதிரின்னு வச்சுக்குங்களேன். அந்த வருஷக் கடைசியில பேக்லி அவென்யூ 58-ம் நம்பர் வீட்டுக்கு வாடகைக்குக் குடிவந்தார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு குடித்தனம். பின்னால் ஒரு செங்கல் ஷெட், நிலக்கரியும் விறகும் போட்டு வைக்க.

ஆனால் ஃபோர்டின் முதல் பட்டறை அந்த ஷெட் இல்லை, சமையலறை. 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அது. மனைவி கிளாரா மறுநாள் விருந்துக்கான வேலையில் இருந்தார். மகன் எட்ஸல் பிறந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது, பக்கத்து அறையில் தூக்கம். ஃபோர்டு ஒரு குட்டி இஞ்சினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சிலிண்டர் என்பது ஒரு கேஸ் குழாய்த் துண்டு. ஃப்ளைவீல் ஒரு பழைய லேத்திலிருந்து எடுத்த சக்கரம். அதை ஒரு பலகையில் பொருத்தி சிங்க்கோடு சேர்த்து இறுக்கினார். தீப்பொறிக்கு வீட்டு விளக்கிலிருந்தே கரண்ட் எடுத்தார். கார்பரேட்டர்? அது கிளாரா. அவர்தான் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஃபோர்டு சக்கரத்தைச் சுற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது, சிங்க் ஆடியது, புகைவாயிலிருந்து நெருப்பு வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியாக நிறுத்தினார்.

இப்போ யோசிச்சா வயித்தைக் கலக்குது. இஞ்சின் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூடின அறைக்குள்ள ஆளைக் கொல்லும். பக்கத்து அறையில பச்சைக்குழந்தை. தயவுசெஞ்சு யாரும் இதைப் பண்ணிப் பார்க்காதீங்க. என் ஷீட்டுல கம்ப்ரசருக்கு ரெண்டு வரி இருந்தது, காத்து போக வழிக்கு ஒரு வரி கூட இல்லைங்கிறதும் அப்போதான் உறைச்சது.

சமையலறை சோதனைக்கு அப்புறம் வேலை ஷெட்டுக்குப் போனது. அங்கே ஒரு சிக்கல். ஷெட்டில் பாதி பக்கத்து குடித்தனக்காரருக்குச் சொந்தம். அவர் பெயர் ஃபெலிக்ஸ் ஜூலியன், வயசானவர். அவரோட கரியும் விறகும் அந்தப் பாதியில் கிடந்தது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தன் சாமான்களையெல்லாம் காலி பண்ணி, ஷெட் முழுவதையும் ஃபோர்டுக்கு விட்டுக்கொடுத்தார். அதோடு ராத்திரி நேரத்தில் வந்து உட்கார்ந்து, இந்தப் பையன்கள் பண்ணும் வேலையை வேடிக்கை பார்ப்பார்.

பையன்கள் என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டு தனியாகச் செய்யவில்லை. ஜிம் பிஷப், ஜார்ஜ் கேட்டோ, எட்வர்ட் ஹஃப் என்று சில நண்பர்கள் வேலை முடிந்த பிறகு வந்து கை கொடுத்தார்கள். டெட்ராய்ட்டில் அவருக்கு ஒரு முன்னோடியும் இருந்தார். 1896 மார்ச் 6-ம் தேதி சார்லஸ் பிராடி கிங் என்பவர் அந்த நகரத்தின் முதல் பெட்ரோல் வண்டியைத் தெருவில் ஓட்டினார். போட்டியாளர் என்று ஒதுங்காமல் ஃபோர்டுக்கு உதவவும் செய்தார்.

வண்டி தயாரானது. பெயர் குவாட்ரிசைக்கிள். சைக்கிள் சக்கரம் மாதிரி நான்கு, எடை சுமார் 500 பவுண்டு, இரண்டு சிலிண்டர், 4 குதிரைத்திறன். இரண்டு கியர், ஒன்றில் மணிக்கு 10 மைல், இன்னொன்றில் 20. ரிவர்ஸ் கிடையாது. ஸ்டியரிங் வீலுக்குப் பதில் படகுக்கு இருப்பது போல ஒரு பிடி. ஹாரனுக்கு வீட்டு வாசலில் மாட்டுகிற காலிங் பெல்!

1896 ஜூன் 4, விடியற்காலை. வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்றபோதுதான் தெரிந்தது, வண்டி கதவை விட அகலம். கரி மூட்டை உள்ளே போக வைத்த கதவு அது. நாளைக்குப் பார்க்கலாம் என்கிற ரகமா ஃபோர்டு? கோடரியை எடுத்து கதவை ஒட்டிய செங்கலைப் பெயர்த்தார். ஜிம் பிஷப் சைக்கிளில் முன்னால் போய் வழியில் வருகிறவர்களை எச்சரிக்க, வண்டி டெட்ராய்ட் தெருவில் ஓடியது. நடுவில் ஒரு ஸ்பிரிங் போய் நின்றது, சரி பண்ணிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

இப்போ வீட்டு ஓனர். வாடகை வீட்டின் சுவரை இடித்தால் நம்ம ஊர் ஓனர் என்ன சொல்வார்னு நான் எழுத வேண்டாம் :-) அவரும் கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் இடிச்சது எதுக்குன்னு வண்டியைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். சுவரைத் திரும்பக் கட்டினால் வண்டி உள்ளே எப்படி வரும், பேசாமல் பெரிய கதவாகப் போட்டுவிடலாம் என்று முடிவானது. கராஜ் என்று ஒன்று யாருக்கும் தெரியாத காலத்தில், ஒரு கரி ஷெட் கராஜாக மாறிய கதை இது.

அந்த வண்டியை ஃபோர்டு 200 டாலருக்கு விற்றார், அந்தக் காசு அடுத்த வண்டிக்கு. பிற்பாடு 65 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். ஷெட்டின் மாதிரி ஒன்று டியர்பார்னில் உள்ள கிரீன்ஃபீல்டு வில்லேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உண்மையான இடத்தில் 1926-ல் மிச்சிகன் தியேட்டர் என்று அரண்மனை மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். அது மூடப்பட்ட பின், 1977-ல் அதன் உட்புறத்தையே கார் பார்க்கிங்காக மாற்றினார்கள். ஃபோர்டின் முதல் கார் பிறந்த இடத்தில், சித்திர வேலைப்பாடு உள்ள கூரைக்குக் கீழே, கார்கள் நிறுத்துகிறார்கள். இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

அடுத்து லண்டன். காலின் சாப்மன், பிறந்தது 1928. கல்லூரியில் படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்கிற சைடு பிசினஸ். 1947 கடைசியில் அரசாங்கம் சொந்தக் கார்களுக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத ஊரில் பழைய காரை யார் வாங்குவார்? வந்த விலைக்குத் தள்ளிவிட்டதில் கடைசியாக ஒன்று மிஞ்சியது, ஒரு ஆஸ்டின் செவன். விற்காத அந்த வண்டியைப் பிரித்து பந்தய வண்டியாக மாற்றுவது என்று முடிவு செய்தார்.

எங்கே வைத்து? காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுப் பின்னால் இருந்த சின்ன கராஜில். (வருங்கால மாமனார் வீட்டுல பட்டறை! யோசிச்சுப் பாருங்க.) கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் இருந்தது கட்டுமானப் பொறியியல் படிப்பு. எங்கே பாரம் விழும், எங்கே விழாது என்று கணக்குப் போட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் பாடி கட்டினார். ஹேசலும் கூட நின்று வேலை செய்தார். 1948-ல் உருவான அதுதான் லோட்டஸ் மார்க் 1.

அதன் பிறகு ஆலன் சகோதரர்கள் என்று இரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பட்டறையில் சாப்மனிடம் இல்லாத கருவிகள் இருந்தன. 1951-ல் அந்தக் கூட்டணியின் மார்க் 3 சின்னப் பந்தயங்களில் எல்லோரையும் ஓரங்கட்டியது. 1952 ஜனவரி 1-ம் தேதி லோட்டஸ் இஞ்சினியரிங் தொடங்கியபோது ஹேசல் கொடுத்த கடன் 25 பவுண்டு. முதல் இடம் சாப்மனின் அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். ஃபார்முலா ஒன்னில் ஏழு முறை கன்ஸ்ட்ரக்டர் பட்டம் வாங்கிய கம்பெனியின் அஸ்திவாரம் இவ்வளவுதான். ஒரு காதலி, அவர் பெற்றோர், இரண்டு சிநேகிதர்கள், ஒரு அப்பா.

நம்ம தொழிலோட புனிதத் தலமும் ஒரு கராஜ்தானே. பாலோ ஆல்ட்டோவில் ஹியூலெட்டும் பேக்கார்டும் 1938-ல் ஆரம்பித்த இடம். அதன் அளவு 12 அடிக்கு 18 அடி, என் எக்செல் ஷெட்டை விட சின்னது. அங்கே செய்த கருவிகளின் முகப்புத் தகட்டுக்கு பெயின்ட் அடித்து எங்கே சூடுபடுத்தினார்கள் தெரியுமா? பேக்கார்டின் மனைவி லூசிலின் சமையல் அடுப்பில்! கிளாராவின் சிங்க் ஞாபகம் வருதா?

கராஜ்ல ஒருத்தன் தனியா உட்கார்ந்து உலகத்தை மாத்தினான்னு சொல்றதெல்லாம் பாதிக்கதை. மீதிக்கதை யாரோ ஒருத்தர் கரியை நகர்த்தினது, யாரோ ஒருத்தர் சுவர் போனதைப் பொறுத்துக்கிட்டது, யாரோ ஒருத்தர் விருந்துக்கு நடுவுல பெட்ரோல் ஊத்தினது. அமெரிக்காவுலயும் சரி, லண்டன்லயும் சரி, பட்டறைக்கு முதல் தேவை லேத் இல்லை. அடுத்தவங்க விட்டுக்கொடுத்த இடம்.

என் விஷயத்துக்கு வர்றேன். கொல்லை இல்லைன்னு ஆச்சு, மிச்சம் இருக்கிறது போர்ட்டிகோதான். அங்கே வண்டிக்கு முன்னால இருக்கிற இடம் அம்மாவோடது. சாயங்காலம் தெரு அத்தைங்க வந்து உட்கார்ந்து பூ கட்டுற இடம், வெயில் காலத்துல வடாம் காயுற இடம். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாமாவோட படுக்கையறை. என் நாப்பத்தேழு வரியில இவங்க யாருமே இல்லை.

போன தடவை ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "அந்த வண்டியிலதான்டா உன்னைப் பெத்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம்" என்றார். அடுத்து, "எண்ணெய் சிந்தினா நீதான் கழுவணும். பூ கட்டுறவங்களுக்கு ஒரு பெஞ்சு போடு, அந்த ஓரமா. ஒன்பது மணிக்கு மேல தட்டக் கூடாது, மாமாவுக்கு பிரஷர்." அப்பா பேப்பருக்குப் பின்னாடியிருந்து, "கார்பரேட்டரை நான்தான் கழட்டுவேன்" என்றார்.

ஷீட்டைத் திறந்து வேலை மேஜையை ஆறடியிலிருந்து நாலடியாக் குறைச்சிருக்கேன். ஆன்லைன்ல பார்த்து வச்ச கம்ப்ரசர் சத்தம் ஜாஸ்தியாம், அதை எடுத்தாச்சு. அந்த வரியில இப்போ இருக்கிறது பெஞ்சு. அடுத்த முறை ஊருக்குப் போறப்போ முதல் வேலை, ஸ்பேனர் வாங்குறதுக்கு முன்னாடி, பக்கத்து வீட்டு மாமாவைப் போய்ப் பார்க்கிறது. ஜூலியன் தாத்தா மாதிரி அவரும் ஒரு நாற்காலியைப் போட்டு வேடிக்கை பார்க்க வந்தார்னா, பாதி வண்டி ஓடின மாதிரி.