பனாமாக் கால்வாயும் அதன் தொழிலாளரும்

பெருங்கட்டட வேலை ஒன்றைத் தொடங்குவோர் முதலில் எண்ணிப் பார்ப்பது பணத்தையும் பொறிகளையுமே. வேலை தெரிந்த கைகள் எங்கிருந்து வரும், வந்த கைகள் நிலைத்து நிற்குமா என்ற வினா பெரும்பாலும் பின்னரே எழுகின்றது. அவ்வினாவைப் பிந்திக் கேட்டதனால் ஒரு முயற்சி தடுமாறியதையும், அதற்கு விடை கண்டபின் அதே முயற்சி வெற்றி பெற்றதையும் பனாமாக் கால்வாயின் வரலாற்றிலே காண்கிறோம். அவ்விடையின் பயன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் அவ்வரலாறே நமக்குக் கூறுகின்றது.

இக்கால்வாயை முதலில் வெட்ட முனைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர். சுயெஸ் கால்வாயை அமைத்துப் புகழ்பெற்ற பேர்டினண்ட் டி லெசெப்ஸ் என்பாரின் கம்பனி 1881இல் வேலையை ஆரம்பித்தது. மலேரியாவும் மஞ்சட் காய்ச்சலும் தொழிலாளரையும் பொறியியலாளரையும் வேறுபாடின்றிக் கொண்டு சென்றன. அம்முயற்சியில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. 1889இல் கம்பனி முறிந்தது. கைவிடப்பட்ட பொறிகளின் மேல் காடு வளர்ந்தது.

1904இல் ஐக்கிய அமெரிக்கா இவ்வேலையைப் பொறுப்பேற்றது. விரைவில் மண் வெட்டப்படுவதைக் காண வேண்டுமென்று வாஷிங்டனில் இருந்தோர் அவசரப்பட்டனர். ஆகவே ஆட்கள் முதலில் வந்தார்கள். வீடும் நல்ல நீரும் உணவும் அவர்களுக்கு முன்னே வந்திருக்கவில்லை. 1905ஆம் ஆண்டின் முற்பகுதியிலே மஞ்சட் காய்ச்சல் பரவியதும் பெரும் பீதி உண்டாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த தொழில் வல்லுநரும் எழுதுவினைஞரும் கிடைத்த கப்பலிலே ஏறித் திரும்பினர். தலைமைப் பொறியியலாளராயிருந்த ஜோன் வொலஸ் என்பவரும் அவ்வாண்டு யூன் மாதத்தில் பதவி துறந்தார்.

அவருடைய இடத்துக்கு யூலை மாதத்தில் வந்தவர் ஜோன் ஸ்டீவன்ஸ். இவர் புகையிரதப் பாதைகள் அமைப்பதிலே தேர்ந்தவர். வந்தவுடன் இவர் செய்த காரியம் பலரை வியப்பில் ஆழ்த்தியது. கால்வாய் வெட்டும் வேலையை இவர் நிறுத்திவிட்டார்! தொழிலாளரிற் பெரும்பகுதியினரை வீடு கட்டவும், உணவுச்சாலை அமைக்கவும், நீர்க்குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் இடவும் திருப்பினார். பனாமாவைப் பீடித்த நோய்களுள் இரண்டு காய்ச்சல்களையும்விடக் கொடியது அச்சமே என்பது இவர் கருத்து. அஞ்சிய மனிதனுக்கு எவ்வளவு ஊதியம் கொடுத்தும் பயனில்லை என்பதை இவர் உணர்ந்திருந்தார்.

அச்சத்தின் வேரை அறுத்தவர் டொக்டர் வில்லியம் கோர்காஸ். மஞ்சட் காய்ச்சலைப் பரப்புவது நுளம்பு என்பதை நன்கறிந்த இவருக்கு, முன்பு கேட்டும் கிடையாத ஆளும் பொருளும் ஸ்டீவன்ஸ் காலத்திலே கிடைத்தன. வீடுகளுக்குப் புகையூட்டினர்; தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினர்; யன்னல்களுக்குக் கம்பிவலை இட்டனர். 1906 முடிவதற்குள் மஞ்சட் காய்ச்சல் அங்கிருந்து ஒழிந்தது. அதன் பின்னரே வருவோர் தொகை பெருகியது.

வந்தவரை நிறுத்தி வைக்கும் வழிகளும் ஆராயப்பட்டன. அமெரிக்கத் தொழில் வல்லுநருக்கு இலவச வீடு, இலவச வைத்தியம், சம்பளத்துடன் கூடிய நீண்ட விடுமுறை என்பன அளிக்கப்பட்டன. மாதச் சம்பளத்தில் ஒரு டொலருக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கிலே வீட்டின் பரப்பு வகுக்கப்பட்டது. மனைவியை அழைத்து வந்தவருக்கு மேலும் அத்துணை இடம் உண்டு. குடும்பத்தோடு வாழ்பவன் எளிதில் கப்பலேறமாட்டான் என்பதே இதன் உட்பொருள். ஓய்வு நேரத்துக்கென மன்றங்களும் நூலகங்களும் விளையாட்டுத் திடல்களும் எழுந்தன. 1907இல் ஸ்டீவன்ஸ் விலகியபின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் கோதல்ஸ் ஞாயிற்றுக்கிழமை காலையிலே தம் அலுவலகத்தைத் திறந்து வைத்து, குறை கூற வந்த எவரையும் நேரிற் கண்டு அன்றே தீர்ப்புக் கூறினார்.

எனினும் கோதல்ஸ் இளகிய மனத்தவர் என்று கொள்ளலாகாது. நீராவியால் இயங்கும் மண் அகழும் பொறிகளை ஓட்டியோர் 1907இல் கூடுதல் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் இணங்கவில்லை. புதியவர்களைத் தேடிக் கொண்டுவந்தார்.

நேயர்களே, இதுவரை கூறியது கதையின் ஒரு பாதியே. கால்வாய்ப் பகுதியிலே இரண்டு சம்பள இடாப்புகள் இருந்தன. ஒன்று பொன் இடாப்பு. மற்றது வெள்ளி இடாப்பு. அமெரிக்கத் தொழில் வல்லுநர் பொன் நாணயத்திலே சம்பளம் பெற்றனர். மற்றவர்கள், சிறப்பாக மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பினத்தவர், வெள்ளி நாணயத்திலே பெற்றனர். நாணய வேறுபாடாகத் தொடங்கியது நாளடைவில் நிற வேறுபாடாயிற்று. சம்பளம் கொடுக்கும் யன்னலும், பண்டகசாலையும், தபாற் கந்தோரும் வெவ்வேறாயின.

பார்படோஸ் என்னும் சிறு தீவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 20,000 ஆண்கள் ஒப்பந்தத்தின் பேரிலே சேர்க்கப்பட்டனர். அத்தீவின் சனத்தொகை அன்று 2 இலட்சம் அளவே. பிரெஞ்சுக் கம்பனி முறிந்தபோது தன் மக்கள் பட்ட துயரை மறவாத யமேக்கா அரசாங்கம் ஆட்சேர்ப்புக்கு இடங்கொடுக்கவில்லை. ஆயினும் பலர் தம் செலவிலே கப்பலேறினர். இவர்களுக்கு மணிக்கு 10 சதம் கூலி. நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை. ஸ்பெயினிலிருந்து அழைக்கப்பட்ட ஏறத்தாழ 8,000 பேருக்கு 20 சதம் கொடுக்கப்பட்டது.

வெள்ளி இடாப்பினர் நெருக்கமான பாசறைகளிலே தங்கினர். மழையில் நனைந்த உடையை மாற்ற வேறு உடையின்றி உறங்கியோர் பலர். நிமோனியா இவர்களையே பெரிதும் தாக்கியது. வெடிமருந்து வைத்தவர்களும், மண்சரிவில் அகப்பட்டவர்களும் இவர்களே. 1904 முதல் 1914 வரை நோயாலும் விபத்தாலும் இறந்தோர் 5,609 பேர் எனப் பதிவேடுகள் கூறுகின்றன. அவர்களில் ஏறத்தாழ 4,500 பேர் கறுப்பினத் தொழிலாளர்.

இரண்டு ஆண்டு சேவை முடித்தவருக்குப் பதக்கம் ஒன்று வழங்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற பழைய உலோகத்தை உருக்கி அதனை வார்த்தனர். சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் உருவம் பொறித்த அப்பதக்கத்தைப் பெற்றவர்கள் அமெரிக்கர் மட்டுமே. அதே மண்ணிலே ஐந்தும் பத்தும் ஆண்டுகள் உழைத்த பார்படோஸ் தொழிலாளிக்கு அது உரியதன்று என விதிக்கப்பட்டது.

1914 ஓகஸ்ட் 15ஆந் தேதி 'அன்கொன்' என்னும் கப்பல் கால்வாயைக் கடந்தது. தொழிலாளரை நிறுத்தி வைப்பது எவ்வாறு என்பதை ஸ்டீவன்சும் கோர்காசும் கோதல்சும் ஐயமறக் காட்டினர். உயிருக்குக் காவல், குடும்பத்துக்கு வீடு, குறைகேட்கும் செவி என்ற மூன்றையும் முழுமையாகப் பெற்றவர்கள் நிலைத்து நின்றனர். ஆனால் அம்மூன்றும் குறைவாகக் கிடைத்தவர்களும் நின்றனர். ஊரிலே கரும்புத் தோட்டத்துக் கூலி அதனிலும் குறைவு என்பதே அதற்குக் காரணம். ஒருவன் வேலையை விட்டுப் போகவில்லை என்பதைக் கொண்டு அவன் நன்கு நடத்தப்பட்டான் என முடிவு செய்யலாகாது. பனாமாக் கால்வாயின் கணக்கேட்டிலே பொன் பக்கத்தோடு வெள்ளிப் பக்கத்தையும் சேர்த்துப் படிப்பவரே அதன் வரலாற்றை முழுமையாகப் படித்தவராவர்.