மாஸ்டர் மொஷாய் நந்தலால் போஸ்

1938 பிப்ரவரி. குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு. தலைமை சுபாஷ் சந்திர போஸ். மாநாட்டுத் திடலுக்கு வந்த குடியானவர்களின் கண்ணில் முதலில் பட்டவை அவர்களைப் போன்றவர்களின் உருவங்களே. செருப்புத் தைப்பவர், தச்சர், மேளக்காரர், பஞ்சு கொட்டுபவர், நெல் குத்தும் பெண், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய். கையால் செய்த காகிதத்தில், மண்ணும் கல்லும் கொடுத்த வண்ணங்களில் தீட்டிய படங்கள் அவை. காந்தியின் அழைப்பை ஏற்று சாந்திநிகேதனின் ஓவிய ஆசிரியர் ஒருவர் மாணவர்களோடு சேர்ந்து செய்த வேலை. ஏறத்தாழ 400 படங்களில் 80க்கும் மேற்பட்டவற்றை அவரே வரைந்தார்.

அவர் நந்தலால் போஸ். மாணவர்களுக்கு மாஸ்டர் மொஷாய், அதாவது வாத்தியார் ஐயா.

1882 டிசம்பர் 3ஆம் தேதி, பிகாரின் முங்கேர் பகுதியில் ஹவேலி கரக்பூரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு அவருக்கு ஏறவில்லை. கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் வழி புலப்பட்டது. 1908இல் சிவன், சதி ஓவியத்துக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு பழைய கோயில்களையும் சிற்பங்களையும் பார்க்கக் கிளம்பிவிட்டார். அடுத்து, சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் அஜந்தா. அங்கே கிறிஸ்டியானா ஹெரிங்ஹாமின் குழுவில் சேர்ந்து குகைச் சுவர்களின் ஓவியங்களைப் படியெடுத்தார்.

நந்தலால் ராமகிருஷ்ணரின் பக்தர். பேலூர் மடத்துப் பெரிய கோயிலின் அலங்காரங்களும், ராமகிருஷ்ணர் பிறந்த காமார்புகூரில் எழுந்த கோயிலும் அவர் வடிவமைப்பில் உருவானவை. ஆனால் அந்த பக்தி கருவறையோடு நின்றுவிடவில்லை. இளமையில் தெய்வப் படங்களில் மட்டுமே தெய்வத்தைக் கண்டதாகவும், பிற்பாடு மனிதரிலும் மரத்திலும் மலையிலும் அதைத் தேடுவதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். சதியை வரைந்த கை ஹரிபுராவில் செருப்புத் தைப்பவரை அதே மரியாதையோடு வரைந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. அவருடைய ஆசிரியப் பணிக்கும் இதுவே அடித்தளம்.

1919இல் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1922இல் அதன் பொறுப்பை ஏற்ற நந்தலால், 1951 வரை அதை நடத்தினார். இறுக்கமான பாடத்திட்டம் கிடையாது. மாணவர்களை வயலுக்கும், சந்தால் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும், தொலைவிலுள்ள சிற்பத் தலங்களுக்கும் அழைத்துப் போவார். மரத்தை வரைந்தால் கோடு வேரிலிருந்து மேலே ஏற வேண்டும், மரம் அப்படித்தானே வளர்கிறது என்பது அவர் பாடம். சட்டைப் பையில் எப்போதும் வெற்று அட்டைகள் இருக்கும். கண்ணில் பட்ட ஆட்டையோ நண்டையோ நாலு கோட்டில் வரைந்து, கடிதமாக மாணவர்களுக்கு அனுப்பிவிடுவார். தரையில் போடும் ஆல்பனாக் கோலமும் துணியில் எழுதும் பாத்திக்கும் அங்கே ஓவியத்துக்குச் சமமான பாடங்கள். தாகூரின் குழந்தைகள் பாடநூல் ‘சஹஜ் பாட்’ 1930இல் வந்தபோது அதற்குப் படம் போட்டவரும் இவரே. வங்காளத்தில் எத்தனையோ குழந்தைகள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றார்கள்.

தன் பாணியை மாணவர்மேல் திணிக்காததை அவருடைய பெரிய குணமாகச் சொல்ல வேண்டும். வினோத் பிகாரி முகர்ஜிக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணிலும் குறை. இந்தப் பையனால் முடியுமா என்று நந்தலாலுக்கே முதலில் தயக்கம். ஆர்வம் இருந்தால் இருக்கட்டும் என்றார் தாகூர். அந்த மாணவர் பின்னாளில் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால பக்தர்களின் வாழ்வை வரைந்தார். இன்றும் அதற்கு இணை சொல்வது கடினம். பாங்குராவிலிருந்து 1925இல் வந்த ராம்கிங்கர் பைஜ் ஆசிரியர் போகாத திசையில் போனார். எண்ணெய் வண்ணத்தைக் கையிலெடுத்தார். சிமெண்டும் செம்பாறைக் கற்களும் கலந்து ‘சந்தால் குடும்பம்’ சிற்பத்தைத் திறந்த வெளியில் நிறுத்தினார். குரு தடுக்கவில்லை. 1940களின் தொடக்கத்தில் அங்கே படித்த இன்னொரு மாணவர் சத்யஜித் ராய்.

அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை ஓவியங்களால் அலங்கரிக்கும் பணி வந்தபோதும் அவர் தனியாக உட்காரவில்லை, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். முகப்புரைப் பக்கத்தை அழகுபடுத்தியவர் பியோஹார் ராம்மனோகர் சின்ஹா. சிங்க இலச்சினையை வரைய வேண்டிய இளைஞர் தீனாநாத் பார்கவாவை, கல்கத்தா மிருகக்காட்சிசாலைக்குப் போய் உயிருள்ள சிங்கங்களைப் பார்த்து வரச் சொன்னார். அந்தப் பக்கங்களில் நம் நடராஜரும் உண்டு, மாமல்லபுரத்துப் பகீரதன் தவச் சிற்பமும் உண்டு.

1954இல் பத்ம விபூஷண். 1966 ஏப்ரல் 16இல் மறைவு. இன்று டெல்லி தேசிய நவீன கலைக் கூடத்தில் அவருடைய படைப்புகள் ஏறத்தாழ 7000 இருக்கின்றன. அவர் ஓவியங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தராது.

ஆனாலும் அவருடைய சொத்தில் பெரும்பங்கு அவர் மாணவர்கள்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த கே.ஜி. சுப்பிரமணியன், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்டு, 1944இல் கலாபவனத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு பரோடாவில் பல்லாண்டு ஆசிரியர். 1980இல் சாந்திநிகேதனுக்கே திரும்பி வந்து, தான் மாணவராக இருந்த கலாபவனத்தில் பேராசிரியரானார்.