தண்டனை விலக்கிலிருந்து அரசு விற்பனை வரை: உருகுவேயின் போதைப்பொருள் சட்டங்கள், 1974–2017

போதைப்பொருளைப் பயன்படுத்துபவரைத் தண்டிக்காமல் விடுவது ஒன்று. அதன் உற்பத்தியையும் விற்பனையையும் சட்டத்துக்குள் கொண்டுவருவது வேறொன்று. விவாதங்களில் இவை இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளியில், ஒரே நாட்டில் இவை இரண்டும் அடுத்தடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் உருகுவேயின் சட்டங்களைப் புரட்ட வேண்டும்.

முதல் மாற்றம் வந்த காலம் வியப்பளிப்பது. 1973 ஜூனில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, ராணுவத்தின் துணையோடு சர்வாதிகாரம் தொடங்கியிருந்தது. அந்த ஆட்சிதான் 1974-இல் 14.294 எண் கொண்ட சட்டத்தைப் பிறப்பித்தது. பயிரிடுவோருக்கும் கடத்துவோருக்கும் விற்போருக்கும் அது சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கென ‘மிகக் குறைந்த அளவு’ வைத்திருப்பவருக்கு மட்டும் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அதைத் தாராள மனம் என்று கொள்வதற்கில்லை. நோயாளியையும் வியாபாரியையும் பிரித்துப் பார்த்த அக்காலச் சட்டச் சிந்தனையே அதில் தெரிகிறது.

அளவு எவ்வளவு என்று சட்டம் கிராமில் சொல்லவில்லை. 1998-இல் வந்த திருத்தம் ‘மிகக் குறைந்த’ என்பதை ‘நியாயமான’ என்று மாற்றி, நீதிபதியின் மனச்சாட்சிப்படியான முடிவுக்கு விட்டது. ஒருவர் பயன்படுத்துபவரா, விற்பவரா என்பது எந்த நீதிபதியின் முன் நிறுத்தப்படுகிறார் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. கஞ்சா புகைப்பது குற்றமல்ல; ஆனால் அதை வாங்க ஒரே வழி குற்றவாளியிடம் போவதுதான். வீட்டிலேயே ஒரு செடி வளர்த்துக்கொண்டால் அது பயிரிடும் குற்றம். 2011 தொடக்கத்தில், கஞ்சாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய 66 வயதுப் பெண்மணி ஒருவர், வீட்டில் செடி வளர்த்ததற்காகக் கைதாகிச் சில மாதங்கள் சிறையிலிருந்தார். கடத்தல்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கியிருந்தால் அவருக்கு அந்தச் சிறை வந்திருக்காது. செடி வளர்ப்போரின் இயக்கத்துக்கு இந்த வழக்கு பெரிய உந்துதலானது.

2012 ஜூனில் அதிபர் ஹோசே முஹிகாவின் அரசு, கஞ்சா வணிகத்தைத் தானே கையிலெடுக்கும் திட்டத்தை அறிவித்தது. வெளியுலகம் அதிர்ந்தாலும் உருகுவேக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1931-இல் தொடங்கப்பட்ட அன்காப் என்ற அரசு நிறுவனம் எரிபொருளோடு சாராயத்தையும் பல பத்தாண்டுகள் தன் ஏகபோகத்தில் வைத்திருந்தது. (சாராயத்தை அரசு விற்பது தமிழ் வாசகருக்கும் புதிதல்ல.) 2013 டிசம்பர் 10 அன்று மேலவை 16-க்கு 13 என்ற வாக்கில் 19.172 எண் சட்டத்தை நிறைவேற்றியது.

முந்தைய சட்டம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இது எண்ணிச் சொன்னது. வீட்டில் 6 செடி, ஆண்டுக்கு 480 கிராம். 15 முதல் 45 உறுப்பினர் கொண்ட கஞ்சா வளர்ப்பு மன்றங்களுக்கு 99 செடி. மருந்துக்கடையில் ஒருவருக்கு மாதம் 40 கிராம். 18 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரமாக வசிப்போரும் மட்டும், மூன்றில் ஒரு வழியை மட்டும் தேர்ந்து பதிவுசெய்துகொள்ள வேண்டும். விளம்பரம் கூடாது, சுற்றுலாப் பயணிக்கு விற்பனை இல்லை. தண்டனையை நீக்கியபோது அரசு ஒதுங்கி நின்றால் போதுமானதாக இருந்தது. சட்டபூர்வமாக்கியபோது விதை, விலை, வீரியம், வாங்குபவரின் கைரேகை எல்லாம் அதன் பொறுப்பாயின. ‘சட்டபூர்வம்’ என்றால் கட்டுப்பாடு தளர்வது என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது.

மருந்துக்கடை விற்பனை தொடங்க 2017 ஜூலை 19 வரை ஆனது. முஹிகாவுக்கு அடுத்து அதிபரான தபாரே வாஸ்கேஸ் புற்றுநோய் மருத்துவர். மருந்துக்கடையில் கஞ்சா விற்பது அவருக்கு உவப்பானதல்ல. தொடக்கத்தில் 16 கடைகள், 5 கிராம் பொட்டலம், கிராம் ஏறத்தாழ 1.30 டாலர். வாங்குபவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. விரலை வைத்தால் இயந்திரம் அனுமதிக்கும். சில வாரங்களிலேயே யாரும் எதிர்பாராத இடத்தில் முட்டுக்கட்டை விழுந்தது. அமெரிக்கச் சட்டத்தின்படி கஞ்சாப் பணம் சட்டவிரோதப் பணம். அந்நாட்டு வங்கிகளோடு உறவு அறுந்துவிடும் என்று அஞ்சிய உருகுவே வங்கிகள், அரசின் சொந்த வங்கி உட்பட, அந்தக் கடைகளின் கணக்குகளை மூடப்போவதாக எச்சரித்தன. சில கடைகள் விற்பனையைக் கைவிட்டன. மற்றவை ரொக்கத்துக்கு மாறின. 1974 சட்டத்துக்கு இந்தச் சங்கடம் வந்திருக்கவே முடியாது. அது யாருக்கும் வருமானத்தைத் தரவில்லை, ஆகவே வங்கிக்குப் போக வேண்டிய பணமும் இல்லை.

இரண்டு ஏற்பாடுகளும் இன்று அந்நாட்டில் அருகருகே இருக்கின்றன. 2013 சட்டம் கஞ்சாவை மட்டுமே தொட்டது. அதில் 40 கிராம் வரை கேள்வி இல்லை. கொகெய்னுக்குப் பழைய ஏற்பாடே தொடர்கிறது: சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவருக்குத் தண்டனை இல்லை, விற்றவருக்குச் சிறை, அளவு நியாயமானதா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும்.