கடுகண்ணாவை ஏற்றமும் விண்வெளிக்கான பயணச்சீட்டும்

2024ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரத்தில், என் தங்கையின் மகனைக் கடுகண்ணாவையில் உள்ள புகையிரத நூதனசாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவனுக்குப் பதினொரு வயது. இலங்கையின் முதலாவது புகைவண்டி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடி 150 ஆண்டுகள் நிறைவடைந்த நாளில், அதாவது 2014 டிசெம்பர் 27இல், அந்த நூதனசாலை அங்கே திறந்துவைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீராவி இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. எனக்கு அவற்றை விட்டு நகர மனமில்லை. பையனின் மனமோ வேறெங்கோ இருந்தது. அந்த மாதம் 19ஆம் திகதி, விஜயவாடாவில் பிறந்த கோபி தோட்டகூரா என்ற விமானி, ப்ளூ ஒரிஜின் நிறுவனத்தின் விண்கலத்தில் மேலும் ஐவருடன் சென்று விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியிருந்தார். இந்தியாவின் முதலாவது விண்வெளிச் சுற்றுலாப் பயணி என்று பத்திரிகைகள் எழுதின.

"மாமா, நாங்களும் போகலாமா? டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டான்.

அந்த நிறுவனம் தன் சாதாரண இருக்கைகளின் விலையை வெளியிடாததால் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. முதலாவது கேள்வியை மட்டும் அன்றிலிருந்து மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கடுகண்ணாவையில் நின்று கேட்கப்பட்டதால்தான் அது இத்தனை நாள் என்னை விடவில்லை போலும். சாதாரண மனிதன் ஒருவன் எட்டாத உயரத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறான் என்பதற்கு எங்கள் நாட்டில் இதைவிடப் பொருத்தமான சாட்சி வேறில்லை.

கண்டி இராச்சியத்தின் வாசல் இந்த மலை. 1815இல் கண்டி வீழ்ந்த பிறகும், கரையோரத்திலிருந்து அங்கு செல்வது படையெடுப்புக்கு ஒப்பான காரியமாகவே இருந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில்தான் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. அதனைத் திட்டமிட்ட பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். 1832இல் அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. மலையைக் குடைந்து வழி அமைப்பவர் எவரோ அவரே கண்டியை ஆள்வார் என்றொரு பழைய நம்பிக்கை சிங்கள மக்களிடையே இருந்ததாகச் சொல்வார்கள். பாறையைத் துளைத்து ஆங்கிலேயர் அமைத்த வழி இப்போது வீதியோரத்தில் ஒரு காட்சிப்பொருள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கோபுரத்தில் டோசனின் பெயர் இருக்கிறது. இராஜகாரிய ஊழியத்தின் பெயரால் கூலியின்றி அந்த வீதியில் வேலை வாங்கப்பட்ட கிராமத்தவர்களுக்குக் கோபுரம் எதுவும் இல்லை. அந்தக் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832இல்தான். அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. பெயரே சொல்கிறது, அது தபாலுக்கான வண்டி. பயணிகள் தபாற் பைகளோடு ஒட்டிக்கொண்டு போனார்கள்.

புகையிரதத்தின் கதையும் இத்தகையதே. மக்கள் கண்டிக்குப் போக ஆசைப்பட்டார்கள் என்பதற்காக எவரும் தண்டவாளம் போடவில்லை. மலையில் கோப்பி விளைந்தது. அது மாட்டு வண்டிகளில் நாட்கணக்காகக் கொழும்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிக் கூலி தோட்டத் துரைமாரின் இலாபத்தைத் தின்றது. அதனால்தான் இருப்புப்பாதை. இந்தியாவின் முதலாவது இருப்புப்பாதையான பம்பாய்–தானா பாதையை அமைத்த குத்தகைக்காரர்களுள் ஒருவரான ஃபேவியலே இங்கும் குத்தகைக்காரர். மோல்ஸ்வேர்த் என்பவர் பொறியியலாளர். 1867இல் வண்டி கண்டியை அடைந்தது.

ரம்புக்கனையில் தொடங்கும் ஏற்றத்தில், நாற்பத்தைந்து அடி நகர்ந்தால் ஓரடி உயர வேண்டும் என்ற அளவில் பாதை சாய்ந்து செல்கிறது. நீராவிக் காலத்தில் ஓர் இயந்திரம் முன்னால் இழுக்க, இன்னொன்று பின்னால் நின்று தள்ளும். மேலே வந்ததும் தள்ளிய இயந்திரம் கழன்றுகொள்ளும். ரொக்கெட்டின் முதற்கட்டம் தன் வேலை முடிந்ததும் பிரிந்து விழுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரம்புக்கனை ஞாபகம் வரும். இஹலகோட்டைக்கும் பலனைக்கும் இடையில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பாதாளமுமாக வண்டி ஊர்ந்து போகும் இடத்துக்கு வெள்ளைக்காரர் 'பரபரப்புப் பாறை' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அச்சமூட்டும் உயரத்தைக் காட்டிப் பயணிகளை ஈர்ப்பது விண்வெளி யுகத்தின் கண்டுபிடிப்பல்ல.

அந்த அச்சம் பழங்கதையும் அல்ல. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து வீதியோரத்தில் இருந்தவர்களின் உயிர்களைப் பறித்தது. சில நாட்களில் வந்த டித்வா புயல் மலைநாட்டு இருப்புப்பாதையைப் பல இடங்களில் அறுத்தெறிந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய பாதையின் நிலைமையே இது.

கோப்பிக்காக வந்த பாதை, கோப்பியை விட நீண்ட ஆயுள் கொண்டதாயிற்று. 1869இல் இலைநோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பாதையோ நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் நீண்டது. சரக்கு செலவைச் சுமந்ததனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியும் கூடவே ஓடியது. அந்தப் பெட்டியில் ஏறித்தான் நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

ஆகவே, விண்வெளி விடயத்திலும் சரக்கு வழியைத் திறக்கும், மனிதன் பின்னால் வருவான் என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்கு அவ்வாறு காட்டவில்லை. 2001 ஏப்ரலில் டெனிஸ் டிட்டோ என்ற அமெரிக்கச் செல்வந்தர், ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது கொடுத்த தொகை சுமார் 20 மில்லியன் டொலர் என்று சொல்லப்பட்டது. 2022இல் அதே நிலையத்துக்குத் தனியார் பயணிகளை அக்ஸியம் நிறுவனம் அனுப்பியபோது ஓர் இருக்கை 55 மில்லியன் எனச் செய்தி வந்தது. வேர்ஜின் கலக்டிக் 2 இலட்சம் டொலரில் விற்கத் தொடங்கிய சீட்டு, 2021இல் நாலரை இலட்சமாக ஏறியிருந்தது. இடைப்பட்ட காலத்தில், 2015 டிசெம்பரில், ஃபல்கன் ரொக்கெட்டின் முதற்கட்டம் பத்திரமாகத் தரையிறங்கி, திரும்பப் பயன்படுத்தும் முறை வேரூன்றிவிட்டது. செய்மதி ஏவும் செலவு குறைந்தது. மனிதனின் சீட்டு குறையவில்லை.

காரணத்தைக் கடுகண்ணாவையிலேயே தேடலாம். கோப்பி கீழே இறங்கிய பாதையில், தோட்டத் தொழிலாளருக்கான அரிசி மேலே ஏறியது. வண்டி இரு திசையிலும் சம்பாதித்தது. விண்வெளிச் சரக்கோ மேலே மட்டும் போவது. செய்மதி திரும்பி வரத் தேவையில்லை. அது மூச்சு விடுவதுமில்லை. மனிதனை மட்டும் மூச்சு விடவைத்து, பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தத் திரும்பும் பாதிக்கான செலவை ஏற்க எந்தக் கோப்பி மூட்டையும் இல்லை.

இன்னொன்றையும் பயணச்சீட்டு விளம்பரங்கள் தெளிவாகச் சொல்வதில்லை. நூறு கிலோமீற்றர் உயரத்துக்குப் போய், சில நிமிடங்கள் எடையின்றி மிதந்து, உடனே கீழே இறங்குவது ஒன்று. மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பூமியைச் சுற்றிவருவது முற்றிலும் வேறொன்று. பின்னையதற்குத் தேவையான சக்தி முன்னையதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். முதலாவது, ரம்புக்கனையிலிருந்து இஹலகோட்டை வரை ஏறிப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உருண்டு இறங்குவதைப் போன்றது. கண்டியைப் பார்த்ததாகாது.

இந்த ஏற்றத்தையே வேறுவிதமாகக் கடக்கலாம் என்று எழுதியவர் எங்கள் நாட்டில் வாழ்ந்தார். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் ஊற்றுகள்' என்று பொருள்படும் நாவலில், ஒரு மலையுச்சியிலிருந்து வானுக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். அந்த மலை எங்கள் சிவனொளிபாத மலையேதான். கதையின் வசதிக்காக இலங்கையைத் தெற்கே பூமத்திய ரேகைக்குத் தள்ளிவைத்துவிட்டார், அவ்வளவே. யோசனை அவருடையதல்ல, ரஷ்யர்கள் முன்பே சொன்னது. ஆயினும் அதன் சாரம் எனக்குக் கடுகண்ணாவையை நினைவூட்டுகிறது. பாய்ந்து ஏறாதே, பாதை போட்டு ஏறு. ஏறும் பெட்டியும் இறங்கும் பெட்டியும் ஒன்றின் செலவை மற்றொன்று ஈடுசெய்யும். தடை என்னவென்றால், சுமார் 36,000 கிலோமீற்றருக்கும் அப்பால் நீண்டும் அறுந்துபோகாத கயிறு இதுவரை எவர் கையிலும் இல்லை.

காத்திருந்தவர்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. பான் அமெரிக்கன் விமான நிறுவனம் சந்திரனுக்குப் போக விரும்புவோரின் பெயர்களை 1971 வரை பதிந்து, அட்டையும் கொடுத்தது. தொண்ணூற்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 1991இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. கதையைத் தொடக்கிவைத்தவர் ஓர் ஆஸ்திரியப் பத்திரிகையாளர் என்பதை எங்கள் தொழிலின் பெருமைகளில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் சுற்றுலாப் பயணியைப் பற்றிய பேச்சு. மலைநாட்டுக்கு முதன்முதலில் பெருந்தொகையாக வந்த சாதாரண மனிதர்கள் சுற்றுலாப் பயணிகளல்லர், எங்கள் முன்னோர்கள். புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து வந்து, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மாத்தளை வரை 130 மைலுக்கு மேல் காட்டுவழி நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 2023இல், அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்தபோது, நானும் ஒருநாள் கூட நடந்தேன். ஒருநாளிலேயே கால் கொப்பளித்தது. கோப்பி வண்டியில் போன அந்தக் காலத்தில் அதைப் பறித்தவர்கள் நடந்துதான் வந்தார்கள். என் பாட்டனாரின் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர்.

வழிச்செலவை அவர்கள் கையிலிருந்து கொடுக்கவில்லை. கங்காணி கொடுத்தார், அது கடனாக எழுதப்பட்டது. அக்கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன்தொகை குறித்த 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆளோடு கடனும் மாறும். 1921இல்தான் சட்டம் அதனை ஒழித்தது.

2020 ஜனவரியில் ஈலோன் மஸ்க் டுவிட்டரில் எழுதியதைப் படித்தபோது நான் துணுக்குற்றது இதனாலேயே. செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்புவது பற்றிய உரையாடலில், பணமில்லாதவர்களுக்குக் கடன் கிடைக்கும் என்றும், அங்கே வேலைகள் நிறைய இருக்கும் என்றும் அவர் சொன்னார். பலர் அதைப் பகிடியாகக் கடந்துபோனார்கள். தாராள மனம் என்று பாராட்டியவர்களும் உண்டு. மலையகத்தில் பிறந்தவனுக்கு அதில் துண்டின் வாசனை அடித்தது. அங்கே கடன் தீரும்வரை வேலை செய்பவன் பிணங்கிக்கொண்டால் நடந்து வெளியேற ஒரு காடுகூடக் கிடையாது. காற்றையும் தண்ணீரையும் வழங்குபவரே சம்பளமும் வழங்குபவர்.

திரும்பி வருவதைப் பற்றியும் எங்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று எங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக இருந்தது. இந்தியாவைக் கண்ணால் காணாத தலைமுறை இந்தியாவுக்குத் 'திருப்பி' அனுப்பப்பட்டது. மலையிலிருந்து புறப்பட்ட வண்டி இந்தக் கடுகண்ணாவைச் சரிவில் இறங்கித்தான் பொல்கஹவெலைக்கும் பின்னர் தலைமன்னாருக்கும் போனது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை 'அழுகைக் கோச்சி' என்பார்கள். என் பெரியப்பா குடும்பம் அதில் போயிற்று. ஒருவழிச் சீட்டு.

பையனின் கேள்விக்கு வருகிறேன். என் காலத்தில் இல்லை. அவன் என் வயதை அடையும்போது, சம்பளக்காரன் ஒருவன் ஒரு வீட்டை விற்று, மேலே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பக்கூடும். பூமியைச் சுற்றி வரும் பயணம் அப்போதும் செல்வந்தருக்கும் அரசாங்கங்களுக்குமே உரியதாக இருக்கும் என்பது என் மதிப்பீடு. ஆனால் மேலே ஏதேனும் தோண்டவோ கட்டவோ வேண்டிவந்தால், அன்று சாதாரண மனிதர்கள் போவார்கள். சீட்டு மலிந்ததால் போகமாட்டார்கள். ஆள் தேவைப்படுவதால் அழைத்துச் செல்லப்படுவார்கள். அப்போது நான் கேட்க விரும்புவது விலையை அல்ல. திரும்பும் சீட்டு யார் கையில் இருக்கும், அதை எழுதும் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் என்பதைத்தான்.

இதையெல்லாம் அன்று அவனிடம் சொல்லவில்லை. நூதனசாலையை விட்டு வெளியே வந்து, நிலையத்தில் பேராதனைக்கு மூன்றாம் வகுப்பில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. துண்டு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். அவன் இரண்டு கேள்வி கேட்டான். இரண்டாவதற்கு நான் விடை யோசித்துக்கொண்டிருக்கும்போது வண்டி வந்துவிட்டது.