பச்சை யானைகளின் குளிர்காலம்

1956 ஜனவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வெளியே, சொலிட்யூட் பந்தயப் பாதையை ஒட்டிய ஓரிடத்தில் ஏறக்குறைய இருபது மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடினார்கள். அழைத்தவர் எர்ன்ஸ்ட் லெவர்குஸ். வண்டிகளை ஓட்டிப் பார்த்து ‘தாஸ் மோட்டோராட்’ பத்திரிகையில் எழுதுவது அவர் தொழில். ‘கிளாக்ஸ்’ என்ற பெயரில்தான் வாசகர்கள் அவரை அறிவார்கள். வந்தவர்கள் ஓட்டி வந்தது ட்ஸுண்டாப் கேஎஸ் 601. 597 சிசி எஞ்சின், பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்துக் கிடக்கும் இரண்டு சிலிண்டர்கள், 28 குதிரைசக்தி, பெரும்பாலும் கூடவே ஒரு சைடுகார். கனத்த உடம்பும் பச்சை வண்ணமுமாக இருந்ததால் அந்த வண்டிக்குப் ‘பச்சை யானை’ என்று பெயர் விழுந்தது. கூட்டத்துக்கும் ‘யானைகள் சந்திப்பு’ என்ற பெயர் நிலைத்தது. கோடையில் கூடிக் கலைந்திருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. வருடத்தின் மிகக் கடுமையான மாதத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததால்தான் அந்த வழக்கம் இன்றுவரை பிழைத்திருக்கிறது. இதை ஆண்களின் வீரதீர விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. சந்தை வண்டிகளை ஒரு விதமாக வரிசைப்படுத்தியது; குளிர் வேறு விதமாக வரிசைப்படுத்தியது. அந்த இரண்டாவது வரிசை மறந்துபோகாமல் காத்த பஞ்சாயத்தாகவே இந்தக் கூட்டத்தை நான் பார்க்கிறேன்.

முதலில் 1956 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனியில் மோட்டார் சைக்கிள் என்பது கார் வாங்க வசதியில்லாதவனின் வண்டி. தொழிற்சாலைக்குப் போகிறவர், தபால்காரர், கிராமத்து மருத்துவச்சி எல்லோரும் டிசம்பரானாலும் ஜனவரியானாலும் அதில்தான் போய்வந்தார்கள். குளிரில் ஓட்டுவது அன்று ஒரு செய்தியே இல்லை. 1955-இல் ஃபோக்ஸ்வாகன் தன் பத்து லட்சமாவது பீட்டில் காரை வெளியே கொண்டுவந்தது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பம் கூரையுள்ள வண்டிக்கு மாறியது. பிஎம்டபிள்யூ 1954-இல் ஏறத்தாழ 30,000 மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. 1957-இல் அந்த எண்ணிக்கை 5,500-ஐக்கூடத் தொடவில்லை. ஆட்லர் மோட்டார் சைக்கிளை விட்டது, ஹோரெக்ஸ் மூடியது, கேஎஸ் 601 தயாரிப்பும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றது. 1950-களின் நடுவில் நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேல் ஓடிய மோட்டார் சைக்கிள்கள், 1970 வாக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின. வேறு வழியில்லாமல் குளிரில் ஓட்டியவர்கள் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான், அதைத் தானே விரும்பிச் செய்ய ஒரு கூட்டம் புறப்பட்டது. அன்றாடப் பிழைப்பாக இருக்கும்வரை ஒரு திறமைக்குச் சடங்கு தேவைப்படுவதில்லை. பிழைப்பு போன பிறகும் அது கைவிட்டுப் போகாதிருக்கத்தான் திருவிழா தேவைப்படுகிறது. நெல் குத்துவது ஆலைக்குப் போன பிறகு உலக்கைப் பாட்டை மேடையில் பாடுகிறோமே, அப்படி. ஒரே வேறுபாடு, இங்கே பாட்டோடு உலக்கையும் வேலை செய்தது.

அது என்ன திறமை என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். வெளியே வெப்பம் பூஜ்யம் டிகிரி. வண்டி எண்பது கிலோமீட்டர் வேகம். இன்று வானிலை மையங்கள் பயன்படுத்தும் கணக்கின்படி, திறந்த தோலுக்கு அது மைனஸ் பத்து டிகிரி போல் உறைக்கும். முதலில் தோற்பது விரல். கம்பளிக்கு மேல் தோல் கையுறை போட்டாலும், கைப்பிடியைச் சுற்றி வளைந்த விரல்களின் வெளிப்புறம் நேராகக் காற்றில் நிற்கிறது. அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். பிறகு கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே கைக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டுக்குள்ளே நெஞ்சில் செய்தித்தாளை மடித்து வைப்பார்கள். காற்றை மறிக்க அதைவிட மலிவான பொருள் இல்லை. ரோசன்ஹைம் ஊரில் மடக்குப் படகு செய்து பேர்பெற்ற கிளெப்பர் நிறுவனத்தின் ரப்பர் பூசிய நீள மேலங்கி, அந்தக்கால ஜெர்மன் ஓட்டிகளின் சீருடை போலவே இருந்தது. ஹேண்டில்பாரின் இரு முனையிலும் பை போல ஓர் உறையைக் கட்டி, கையை அதற்குள் விட்டு ஓட்டினார்கள். எந்தக் கடையிலும் முழுத் தொகுப்பாகக் கிடைக்காத அறிவு இது. ஓட்டுகிறவரைப் பார்த்துத்தான் கற்க முடியும். அதற்கு ஒரே நேரத்தில், ஒரே குளிரில், பலர் ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

வண்டிகளின் வரிசை மாறுவது இங்கேதான் தொடங்குகிறது. கோடைச் சாலையில் வேகம், முடுக்கம், வளைவில் சாயும் சுகம் ஆகியவைதான் பேச்சு. சாலையில் உப்புக் கொட்டிய மாதத்தில் கேள்விகளே வேறு. பின்சக்கரத்துக்கு விசை எப்படிப் போகிறது? திறந்த செயின் என்றால் உப்பும் சேறும் சில நாட்களில் எண்ணெயைக் கழுவி, கண்ணிகளைத் தின்றுவிடும். பச்சை யானையிலும் பிஎம்டபிள்யூவிலும் செயினுக்குப் பதில் மூடிய ஷாஃப்ட். உப்புக்கு அங்கே வேலை இல்லை. சிலிண்டர்கள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதால் எஞ்சின் சூடு நேராக ஓட்டுகிறவரின் பாதத்துக்கும் முழங்காலுக்குக் கீழும் வரும். வடிவமைத்தவர் நினைத்தது எஞ்சினைக் குளிர்விக்க. ஓட்டியவருக்குக் கிடைத்தது கால்சூடு. இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி கிழக்கு ஜெர்மனியின் எம்செட். எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியில் ட்ஸ்ஷோபாவ் என்ற ஊரில் செய்யப்பட்ட, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுடைய, புகை கக்கும், அழகில்லாத வண்டி. மேற்கில் பலர் அதை ஏழை வண்டி என்றே பார்த்தார்கள். ஆனால் அதன் செயின் முழுக்க ரப்பர் குழாய்களுக்குள் மூடப்பட்டிருந்தது; பனிக்காலம் முழுக்க ஓட்டினாலும் உப்பு உள்ளே போகாது. இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் குளிரில் கெட்டிப்பட்டுக் கிரேங்கைப் பிடித்துக்கொள்ள அடியில் எண்ணெய்த் தொட்டியும் இல்லை. நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்காரர் கிக்கரை உதைத்து உதைத்து வேர்த்துக்கொண்டிருக்கும் காலையில் எம்செட் மூன்றாவது உதையில் கிளம்பிவிடும். விலைப்பட்டியலில் கடைசியில் இருந்த வண்டி பனியில் முன்வரிசைக்கு வந்தது இப்படித்தான். சைடுகாரும் அதே கதை. சந்தையில் அது சின்ன காரிடம் தோற்றுப்போன பொருள். பனிக்கட்டி படிந்த சாலையில் மூன்றாவது சக்கரம் என்பது விழாமல் வீடு போய்ச்சேர்வது.

கூட்டத்தை அழைத்தவர் வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர். பழகாத வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கும் குளிருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தக் காலத்து வண்டிகள் இன்றுபோல ஒரே அச்சில் இல்லை. ஜெர்மன் வண்டியில் கியர் இடது காலில், பின்பிரேக் வலது காலில். பிரிட்டனின் டிரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகளில் நேர்மாறு. திருவொற்றியூரில் 1955-இல் கால்வைத்த என்ஃபீல்டின் புல்லட்டும் அந்தப் பிரிட்டிஷ் வழிவந்ததால்தான் நம்மூரில் பல தலைமுறை வலது காலில் கியர் போட்டது. ஜாவா குடும்பத்து வண்டிகளில் கிக்கரும் கியரும் ஒரே லீவர் என்பதும் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1970-களின் நடுவில் அமெரிக்கா இடது கால் கியரைச் சட்டமாக்கிய பிறகே உலகத் தயாரிப்பாளர்கள் ஒரே முறைக்கு வந்தார்கள். அதற்கு முன் இன்னொருவர் வண்டியில் ஏறியவர் பதறும் நொடியில் என்ன செய்வார்? பழகிய காலை அழுத்துவார். உலர்ந்த சாலையில் அது ஒரு தடுமாற்றத்தோடு முடியும். பனிச் சாலையில் வண்டி தரையில் கிடக்கும். சுமார் ஏழு டிகிரிக்குக் கீழே டயர் ரப்பர் இறுகி, சாலையைப் பிடிக்கும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. எனவே குளிரில் புது வண்டி ஓட்டுகிறவர் கையையும் காலையும் மெதுவாக, முன்யோசனையோடு, ஒவ்வொரு அசைவையும் தெரிந்து செய்ய வேண்டியிருக்கிறது. வண்டியின் குணம் அப்போதுதான் வெளிப்படும்: திராட்டிலைத் துளி திறந்தால் துளி விசை வருகிறதா, திடீரென்று பாய்கிறதா, பிரேக் படிப்படியாகப் பிடிக்கிறதா, ஒரேயடியாகக் கவ்வுகிறதா. வேகத்தில் மறைந்துவிடும் குறைகள் இவை. வண்டி சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஜனவரியில் கூட்டம் கூட்டியதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராக எழும் கனமான கேள்வி போரைப் பற்றியது. 1956-இல் முப்பத்தைந்து வயதான ஜெர்மானியர் ஒருவர் குளிரில் சைடுகார் ஓட்டக் கற்றது எங்கே? பலருக்கு விடை, ரஷ்யப் போர்முனை. ட்ஸுண்டாப் கேஎஸ் 750, பிஎம்டபிள்யூ ஆர் 75 இரண்டும் ராணுவத்துக்கென்றே செய்யப்பட்டவை. சைடுகார் சக்கரத்துக்கும் விசை உண்டு, பின்னோக்கிச் செல்லும் கியர் உண்டு, பிற்பாடு புகைக்குழாயின் சூட்டைக் கைக்கும் காலுக்கும் கொண்டுவரும் அமைப்பும் சேர்ந்தது. பச்சை யானையின் முன்னோர்கள் இவர்கள்தான். அப்படியானால் இந்தக் கூட்டம் தோற்ற படையின் ஏக்கம் தானே? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. கைப்பழக்கம் அங்கிருந்து வந்தது உண்மை. ஆனால் போர் அந்த வண்டிகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு ஏக்கத்துக்கு உரியதல்ல: 1941 இலையுதிர்காலச் சேற்றிலும் அதைத் தொடர்ந்த உறைபனியிலும் அவை ஆயிரக்கணக்கில் நின்றுபோயின. சமாதான காலத்துக் கூட்டம் வளர்ந்த திசையும் வேறு. கேஎஸ் 601-காரர்களுக்கென்று தொடங்கிய சந்திப்பு விரைவிலேயே எல்லா நிறுவன வண்டிகளுக்கும், எல்லா நாட்டவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பை ஏற்றது 1958-இல் உருவான மோட்டார் சைக்கிள்காரர்களின் கூட்டமைப்பு. கொடியும் அணிவகுப்பும் தேடியவர்கள் பிரிட்டிஷ் வண்டிக்காரரையும் பக்கத்தில் கூடாரம் போடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு எதிர்ப்பு, இது ஆபத்தான பிடிவாதம் என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1961-இல் சந்திப்பு நூர்புர்க்ரிங் பந்தயத் திடலுக்குப் போனது. ஆயிரக்கணக்கில் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகப் பெருகக் குடியும் கூச்சலும் பெருகின. 1977-க்குப் பிறகு அங்கே தொடர முடியவில்லை. ஆஸ்திரியாவின் ஸால்ஸ்புர்க்ரிங்கில் பத்தாண்டு நடந்து, 1989-இல் பவேரியக் காட்டில் துர்மான்ஸ்பாங் அருகே ஸொல்லா என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. வீரம் காட்ட மட்டும் வருகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். ஆனால் அதே சந்திப்பில் சாலையில் இறந்த ஓட்டிகளை நினைத்துத் தீப்பந்தம் ஏந்திச் செல்லும் ஊர்வலமும் உண்டு. ஆபத்தை மறுக்கிறவர்கள் இறந்தவர்களுக்குப் பந்தம் ஏந்துவதில்லை. ஸொல்லாவின் இருப்பிடமும் கவனிக்கத்தக்கது: செக் எல்லை பக்கத்தில். சந்திப்பு அங்கே வந்த அதே ஆண்டின் முடிவில் எல்லைகள் திறந்தன. ஜாவா, எம்செட், உரால் போன்ற கிழக்குத் தரப்பு வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கு, ஓரமாக இருந்த அந்தக் காட்டுப் பள்ளம் வந்துசேரக்கூடிய தொலைவுக்கு வந்தது. வேல்ஸ் மலைகளில் 1962 முதல் நடக்கும் டிராகன் ராலியும் ஸ்பெயினின் வயடோலிட் பகுதியில் 1982-இல் தொடங்கிய பிங்குவினோஸும் இதே விதையின் வேறு செடிகள். ஸ்பெயின் செடி தாயைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

தொழில்நுட்பம் இந்த வழக்கத்தின் காரணத்தையே தின்றுவிட்டது என்பது இன்றைய வாதம். 1976-இல் பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ், காற்றுச் சுரங்கத்தில் செதுக்கிய முழு முகப்போடு வந்தது. அந்த முகப்பு பனிக்காகச் செய்யப்பட்டதல்ல, அதிவேகச் சாலைக்காக; யானைகள் சந்திப்புதான் அதை வரவழைத்தது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். பிறகு சூடேறும் கைப்பிடியும் பேட்டரியில் சூடாகும் மேலங்கியும் வந்தன. ஓட்டுகிறவரின் குளிர் இன்று ஏறக்குறைய தீர்ந்த கணக்கு. வண்டியின் குளிர் தீரவில்லை. ஸொல்லாவின் பள்ளத்தாக்குக்கு ‘சூனியக்காரியின் கொப்பரை’ என்று பெயர். கனத்த குளிர்காற்று இரவில் அங்கே இறங்கித் தேங்கிக்கொள்ளும். வைக்கோல் பரப்பி, விறகு மூட்டி, கூடாரத்தில் தூங்கி எழுந்த காலையில் மைனஸ் பத்துக்குக் கீழே போயிருக்கும். ஈயப் பேட்டரியின் வலு அப்போது பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் தேன்போல் நிற்கிறது. விலை உயர்ந்த புது வண்டியில் பொத்தானை அழுத்தினால் ரிலே ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு அடங்கும். அதில் உதைக்க கிக்கரும் இல்லை. பக்கத்தில் ஒரு பழைய பாக்ஸர், அதாவது இருபுறமும் சிலிண்டர் படுத்த வண்டி: சாவியைப் போடாமலே சோக்கை மூடி, கார்பரேட்டர் தொட்டியின் சின்னப் பித்தளைக் குமிழை விரலால் அழுத்தி, பெட்ரோல் வெளியே கசியும்வரை பிடித்து, நாலு உதை உதைத்து எஞ்சினுக்குள் எரிபொருளை இழுக்கச் செய்து, பிறகு சாவியைத் திருப்பி ஐந்தாவது உதை. அது பிடித்துக்கொண்ட பிறகு, அதன் சொந்தக்காரர் சைடுகாரின் மூடியைத் தூக்கி, பேட்டரிக் கம்பிகளை எடுத்துக்கொண்டு புது வண்டிக்காரரிடம் நடந்து போகிறார்.