அனைத்து ஆசிய இணையர் மல்யுத்தப் பட்டம்

அனைத்து ஆசிய இணையர் மல்யுத்தப் பட்டம் என்பது ஜப்பானில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழில்முறை மல்யுத்தப் பட்டம் ஆகும். இருவர் ஓரணியாகச் சேர்ந்து மோதும் 'டேக் டீம்' ஆட்டத்துக்கு உரியது. ஜப்பானில் இன்றும் நடப்பில் உள்ள மல்யுத்தப் பட்டங்களுள் இதுவே மிகப் பழையது. இதை முதலில் வென்றவர்கள் ஜப்பானியர் அல்லர். ஒருவர், தமிழ்நாட்டிலும் பெயர் பெற்றிருந்த கிங்காங். மற்றவர் இந்திய மல்லரான டைகர் ஜோகிந்தர் சிங். ஜப்பானியர் தொடங்கிய பட்டத்தை முதலில் இரு வெளிநாட்டவர் பெற்றது ஏன் என்பதை அறிந்தால், தொழில்முறை மல்யுத்தத்தின் வரலாற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

ஆட்ட முறை

இணையர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு இருவர். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கோதாவுக்குள் நின்று மோதலாம். மற்றவர் கயிற்றுக்கு வெளியே தம் மூலையில் காத்திருப்பார். உள்ளே இருப்பவர் களைத்தால் எட்டிச் சென்று கூட்டாளியின் கையைத் தொட வேண்டும். தொட்டதும் இருவரும் இடம் மாறுவர். எதிரியின் இரு தோள்களும் தரையில் படும்படி அழுத்தி, நடுவர் மூன்று எண்ணும் வரை பிடித்திருந்தால் வெற்றி. எதிரி வலி தாங்காமல் விட்டுக்கொடுத்தாலும் வெற்றிதான்.

அடிபட்டுக் கிடப்பவர் தன் கூட்டாளியை நோக்கித் தவழ்ந்து போவதும், எதிரணியினர் அவரை மூலைக்குப் போகவிடாமல் இழுப்பதும்தான் இந்த ஆட்டத்தின் உயிர். நடுவர் பாராத நேரத்தில் இருவர் சேர்ந்து ஒருவரை அடிப்பதும் இதில் வழக்கம்.

முன்பே முடிவு செய்த வெற்றி

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது பொதுவாக ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யப்படுகிறது. ஒலிம்பிக் மல்யுத்தத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. கோவில்பட்டியில் நடக்கும் ஹாக்கிப் போட்டியின் முடிவை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அதே கரிசல் வட்டாரத்தில் கட்டபொம்மன் நாடகம் பார்க்க உட்காருபவர் அனைவருக்கும் முடிவு தெரியும். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு, இடைசெவலுக்குப் பக்கத்து ஊர். முடிவு தெரிந்திருந்தும் மக்கள் விடிய விடியப் பார்த்துக் கலங்குகிறார்கள். தொழில்முறை மல்யுத்தம் விளையாட்டின் உடையில் வரும் இத்தகைய நாடகம்.

ஆகவே இதன் பட்டம் வென்றோர் பட்டியலை, யார் அதிக பலசாலி என்று காட்டும் பட்டியலாகக் கொள்ளக் கூடாது. எந்தக் காலத்தில் மக்கள் யாரைக் கொண்டாட விரும்பினார்கள், யாரை வெறுக்க விரும்பினார்கள், நிறுவனத்துக்கு யார் தேவைப்பட்டார் என்பதற்கே அது சான்று.

ரிக்கிடோசானும் தெருமுனைத் தொலைக்காட்சியும்

ஜப்பானில் இந்தக் கலையை வேரூன்றச் செய்தவர் ரிக்கிடோசான். சுமோ மல்லராக இருந்து 1950-இல் அதிலிருந்து விலகினார். 1953-இல் ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். தொலைக்காட்சி ஒளிபரப்பும் அந்த நாட்டில் அதே ஆண்டில்தான் தொடங்கியது.

1954 பிப்ரவரியில் ரிக்கிடோசானும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் இணைந்து, பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்ற கனடா நாட்டுச் சகோதரர்களோடு டோக்கியோவில் மோதினர். ஷார்ப் சகோதரர்கள் உலக இணையர் பட்டத்துடன் வந்திருந்தனர். வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாத மக்கள் தெருமுனைகளில் வைக்கப்பட்ட தொலைக்காட்சிகளின் முன் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தனர். போரில் தோற்று, அமெரிக்கப் படைகளின் ஆட்சியிலிருந்து விடுபட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு அது. பருத்து உயர்ந்த வெள்ளையரைத் தம் ஆள் கை விளிம்பால் வெட்டி வீழ்த்துவதைக் கண்டு மக்கள் ஆர்ப்பரித்தனர்.

இதில் ஒரு முரண் உண்டு. ஜப்பானின் மானத்தைக் காத்தவராகப் போற்றப்பட்ட ரிக்கிடோசான், ஜப்பானிய ஆட்சியின் கீழ் இருந்த கொரியாவில் பிறந்தவர். அந்தப் பிறப்பு அவருடைய ரசிகர்களிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் ரிக்கிடோசானும் கிமுராவும் எதிரெதிராக மோதினர். ரிக்கிடோசான் கிமுராவைக் கடுமையாகத் தாக்கி வீழ்த்தினார். சமநிலையில் முடிப்பதாகப் பேசிவைத்திருந்ததை அவர் மீறிவிட்டார் என்று கிமுரா பின்னாளில் கூறினார்.

1955: முதல் வாகையர்

ஜப்பானுக்குள் நிகரில்லை என்றான பின், அடுத்த படி ஆசியா. 1955 நவம்பரில் ஆசியப் பட்டங்களுக்கான போட்டிகள் டோக்கியோவில் நடத்தப்பட்டன. இணையர் பிரிவின் இறுதி ஆட்டத்தில் ரிக்கிடோசானும் ஹாரல்ட் சகாடாவும் கிங்காங் - ஜோகிந்தர் சிங் அணியிடம் தோற்றனர். சகாடா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளுதூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றவர். பின்னாளில் 'கோல்டுஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் அடியாளாக நடித்தவர்.

கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரியைச் சேர்ந்தவர். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு இந்தியா, மலாயா முதலிய நாடுகளில் மோதிவந்தார். தாராசிங்குடன் அவர் மோதிய ஆட்டங்கள் இந்தியாவெங்கும் பேசப்பட்டன. ஆசியப் பட்டத்தை முதலில் வென்ற இருவரில் ஒருவர் ஐரோப்பியர்.

இந்திய மல்லர்கள் கடல் கடந்து போனதற்கும் காரணம் உண்டு. பயில்வான்களை அதுவரை ஆதரித்தவர்கள் சமஸ்தான மன்னர்கள். பாட்டியாலா மன்னரின் ஆதரவு பெற்ற காமா பயில்வான், 1928-இல் போலந்து வீரர் ஸிபிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியவர். விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. அந்த ஆதரவும் சுருங்கியது. சீட்டு விற்று நடத்தும் ஆட்டங்களே பிழைப்புக்கு வழியாயின. தாராசிங்கும் 1940-களின் இறுதியில் சிங்கப்பூர் சென்றுதான் இத்தொழிலில் முன்னேறினார்.

தலைப்பில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. நாயகன் கையில் முதலிலேயே பட்டத்தைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்துவிடும். வெளியாரிடம் தோற்று, பிறகு அவரை வென்றால்தான் கூட்டம் மறுபடியும் வரும். அதே நவம்பர் 22-ஆம் நாள் ரிக்கிடோசான் கிங்காங்கைத் தனியாக வென்று ஆசிய கனரகப் பட்டத்தைப் பெற்றார். ஜோகிந்தர் சிங்குக்கு அந்தக் கதையில் தரப்பட்டது எதிராளியின் இடம்.

பட்டம் கைமாறிய வழி

1960-இல் ரிக்கிடோசான், டோயோனோபோரியுடன் சேர்ந்து இணையர் பட்டத்தையும் வென்றார். 1963 டிசம்பர் 8-ஆம் நாள் டோக்கியோ இரவு விடுதி ஒன்றில் கத்தியால் குத்தப்பட்டு, ஒரு வாரத்தில் இறந்தார். 1964-இல் டோயோனோபோரியும் ஜயண்ட் பாபாவும் பட்டம் பெற்றனர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அன்டோனியோ இனோக்கியும் மிச்சியாகி யோஷிமுராவும் இணைந்து அதை வைத்திருந்தனர்.

1971-இன் இறுதியில் இனோக்கி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, மறு ஆண்டு 'நியூ ஜப்பான்' நிறுவனத்தைத் தொடங்கினார். பாபாவும் அதே 1972-இல் விலகி 'ஆல் ஜப்பான்' நிறுவனத்தைத் தொடங்கினார். ரிக்கிடோசான் வளர்த்த சங்கம் 1973-இல் மூடப்பட்டது, பட்டமும் நின்றது. 1976-இல் பாபாவின் நிறுவனம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

1988-இல் அந்நிறுவனம் உலக இணையர் பட்டத்தை ஏற்படுத்தியது. ஆசியப் பட்டம் அதற்கு அடுத்த இரண்டாம் நிலையில் இருந்தது. இளம் மல்லர்கள் தேறி மேலே வருவதற்கான படியாக அது அமைந்தது. டான் க்ரோஃபட், டக் ஃபர்னாஸ் என்ற இணையர் ஐந்து முறை இதை வென்றனர். 1992 மே 25-ஆம் நாள் செண்டாய் நகரில் கென்டா கோபாஷியும் சுயோஷி கிகுச்சியும் அவர்களிடமிருந்து பட்டத்தைக் கைப்பற்றினர். செண்டாய் கிகுச்சியின் சொந்த ஊர். அன்று அரங்கம் எழுப்பிய ஆரவாரம் ரசிகர்களால் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

தலைப்பாகையும் வாளும்

1955-இல் இந்தியருக்குத் தரப்பட்ட இடம் பின்னரும் தொடர்ந்தது. பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங், தலைப்பாகையும் வாளுமாக 1973-இல் இனோக்கியின் எதிரியாக ஜப்பானில் நுழைந்தார். 1977-இல் உமானோசுகே உயேடாவுடன் சேர்ந்து, இனோக்கியின் நிறுவனத்தில் வட அமெரிக்க இணையர் பட்டத்தை வென்றார். கோதாவில் அவரைக் கண்டாலே பார்வையாளர்கள் நாற்காலியை விட்டு ஓடினர். வெளியே அவர் அறப்பணிகளுக்குப் பெயர் பெற்றவர். கனடாவின் மில்டன் நகரில் ஓர் அரசுப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

முடிவு பொய், அடி மெய்

வெற்றி முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதால் ஆபத்தும் பொய் ஆகிவிடாது. 2000-இல் மிட்சுஹாரு மிசாவா ஆல் ஜப்பானிலிருந்து விலகி 'நோவா' நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்த ஜப்பானிய மல்லர்களில் இருவர் தவிர ஏனையோர் அவருடன் சென்றனர். 2009 ஜூன் 13-ஆம் நாள் ஹிரோஷிமாவில் தம் நிறுவனத்தின் இணையர் பட்டத்துக்காக மோதியபோது, பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்ட மிசாவா எழவில்லை. கழுத்துத் தண்டுவடத்தில் ஏற்பட்ட காயத்தால் அன்றிரவே இறந்தார். அப்போது அவருக்கு வயது 46.

ஆசிய இணையர் பட்டம் ஆல் ஜப்பான் நிறுவனத்தில் இன்றும் வழங்கப்படுகிறது. 2025-இல் அதற்கு எழுபது ஆண்டுகள் நிறைந்தன. புதிய இணையர் வெல்லும்தோறும் பட்டியல் கீழே நீளுகிறது. அதன் முதல் வரியில் கிங்காங்கின் பெயரும் டைகர் ஜோகிந்தர் சிங்கின் பெயரும் உள்ளன.